காதால் படம் பார்க்கிறவர்கள்

2025 மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஸ்காபரோவில் உள்ள தியேட்டர் ஒன்றில் 'டூரிஸ்ட் ஃபேமிலி' பார்த்துவிட்டு வெளியே வந்தோம். நான், மனைவி, அக்காவின் மகன், முப்பது வருடங்களாக என்னோடு படம் பார்த்துவரும் நண்பர் ஒருவர். கார்த் தரிப்பிடத்தில் நின்று நண்பர் தீர்ப்பைச் சொன்னார்: "சசிகுமார் பரவாயில்லை ஐசே. சிம்ரனுக்குத்தான் இடைக்கிடை வழுக்கிப்போட்டுது." பக்கத்துக் காரில் ஏறிக்கொண்டிருந்த, எமக்கு அறிமுகமில்லாத குடும்பத்தினரும் அதையேதான் கதைத்துக்கொண்டிருந்தனர். "எங்கட தமிழ் வருது, ஆனா இழுவை கூடிப்போச்சு."

இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் வாழ வழியற்று, இரவோடிரவாகப் படகேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, தாம் யாரென்பதை மறைத்துச் சென்னையில் குடியேறும் ஒரு குடும்பத்தின் கதை அது. எத்தனையோ எல்லைகளைக் கள்ளமாகக் கடந்து இந்நகரத்துக்கு வந்து சேர்ந்த நாங்கள் அக்கதைக்கு வழங்கிய விமர்சனம் இவ்வளவுதான்: உச்சரிப்புக்குப் புள்ளி. நண்பரை மட்டும் நான் குறை சொல்லவில்லை. படம் ஓடிய இரண்டு மணித்தியாலமும் எனது காதும் அதே பரீட்சைத் தாளைத்தான் திருத்திக்கொண்டிருந்தது.

எமது சமூகத்தில் சினிமா பற்றிய பேச்சு பெரும்பாலும் அச்சில் வருவதில்லை. வீட்டு விறாந்தையிலும் தொலைபேசியிலும் கலியாண மண்டபத்துச் சாப்பாட்டு மேசையிலும்தான் அது நடக்கிறது. அதுவே எமது உண்மையான விமர்சன மரபு என்றும் சொல்லலாம். ஆகவே அதை அற்பமென்று தள்ளாமல், அதன் அளவுகோலை எடுத்துப் பார்ப்பது அவசியம். என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எமது பேச்சுமொழி திரையில் பிழையின்றி ஒலிக்கவேண்டும் என்று நாம் கேட்பது நியாயமானது. ஆனால் அது முதற் கேள்வி. அதையே கடைசிக் கேள்வியாகவும் ஆக்கிக்கொண்டதன் மூலம், படங்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகளிலிருந்து நாம் தப்பிக்கொண்டிருக்கிறோம்.

*

இந்தக் காது எப்படி உருவானது? ஊரில் நாங்கள் பார்த்து வளர்ந்த படங்கள் அனேகமாக எல்லாமே தமிழ்நாட்டிலிருந்து வந்தவை. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் பேசிய தமிழே சினிமாவின் தமிழ். எமது பேச்சு குசினிக்கும் சந்தைக்கும் உரியது, திரைக்கு ஒவ்வாதது என்று நாமே நம்பியிருந்தோம். 1977இல் தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர், காவலூர் இராசதுரையின் எழுத்தில், யாழ்ப்பாணத்தில் வைத்து 'பொன்மணி'யைத் தமிழில் எடுத்தார். எங்கள் சாதியையும் சீதனத்தையும் எங்கள் பேச்சிலேயே பேசிய படம். அது ஓடவில்லை. இந்தியப் படத்துக்குப் பழகிய எங்கள் கண்ணுக்கும் காதுக்கும் அது படமாகவே தெரியவில்லை. எமது தமிழ் திரையில் சரியாக ஒலித்த வேளையில் கேட்பதற்கு நாங்கள் போகவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம்.

1983 ஜூலையில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. இயக்குநர் கே. வெங்கட் கொல்லப்பட்டார். எமக்கென்று ஒரு சினிமா மெல்ல வளர்ந்திருக்கக்கூடிய இடமும் ஆட்களும் அந்த ஒரு கிழமையில் போனார்கள். அதன் பின்னர் நாங்களும் சிதறிப்போனோம்.

ரொறன்ரோவுக்கு வந்த பிறகு, வீடியோக் கடையில் கசற் எடுத்துவந்து ஒரே அப்பார்ட்மென்றில் பத்துப் பன்னிரண்டு பேர் நிலத்தில் இருந்து பார்த்த காலம் ஒன்று இருந்தது. அப்போது எங்களைப் பற்றி ஒரு படம் வந்தால் போதும் என்றிருந்தது. 2000இல் 'தெனாலி' வந்தது. கமல்ஹாசன் எங்களுடைய தமிழைக் கதைக்க, நண்பரின் பேஸ்மென்றில் விழுந்து விழுந்து சிரித்தோம். "எவ்வளவு சரியாக் கதைக்கிறான் பார்!" அந்தப் பாத்திரத்துக்கு எல்லாவற்றுக்கும் பயம். அந்தப் பயத்தின் வேர் எங்கள் ஊரின் போரில் இருந்தது. அதே அறையில், கோடைகால வாணவெடிச் சத்தத்துக்குக் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுக்கிற ஒருவரும் எங்களோடு இருந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. காதுக்கு அன்று பெரிய விருந்து. வேறெந்தப் புலனும் வேலை செய்யவில்லை.

2002இல் மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்'. ரொறன்ரோ சர்வதேசத் திரைப்பட விழாவிலும் அது காட்டப்பட்டது. அகதி முகாமில் பெற்றவள் விட்டுச்சென்ற குழந்தையை எடுத்து வளர்க்கும் சென்னைத் தாயாக அதில் நடித்தவர் சிம்ரன். இருபத்துமூன்று வருடங்கள் கழித்து, 'டூரிஸ்ட் ஃபேமிலி'யில் அவரே பாக்குநீரிணையின் மறுகரைப் பெண்ணாகிப் படகில் வந்து இறங்குகிறார். ஒரு நடிகையின் தொழில் வாழ்க்கைக்குள் இப்படியொரு கடல் கடக்கப்பட்டிருக்கிறது. ஆனால் எங்கள் கேள்வி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அன்று நந்திதா தாஸின் உச்சரிப்பு; இன்று சிம்ரனின் உச்சரிப்பு.

அந்தப் படத்தின் சிறுமி அமுதா, தன்னைப் பெற்றவளைச் சந்திக்கும்போது கேட்பதற்குக் கேள்விகளைச் சேர்த்துக்கொண்டு போகிறாள். ஏன் என்னை விட்டுவிட்டுப் போனாய் என்பதே அவற்றின் சாரம். அந்தக் கேள்வி 2002இல் இந்நகரத்தின் எத்தனையோ வீடுகளுக்குள் இருந்தது. பிள்ளையைப் பேர்த்தியாரிடம் விட்டுவிட்டு வந்த தாய்மார், ஏழெட்டு வருடம் ஸ்பொன்சருக்குக் காத்திருந்து விமான நிலையத்தில் தகப்பனை அடையாளம் தெரியாமல் நின்ற பிள்ளைகள். மணிரத்னத்தின் யாழ்ப்பாணத் தமிழ் சரியா பிழையா என்று இரவிரவாக விவாதித்த நாங்கள், அந்தக் கேள்வியைத் தொடவே இல்லை.

*

இனி 'ஃபனி போய்'க்கு வருகிறேன். என்னை இக்குறிப்பை எழுதத் தூண்டியது உண்மையில் அந்தப் படந்தான்.

ஷியாம் செல்வதுரையின் 1994ஆம் ஆண்டு நாவல். கொழும்பில் வளரும் அர்ஜி என்ற தமிழ்ச் சிறுவன், தான் ஆண்பிள்ளைகள் மீது ஈர்ப்புள்ளவன் என்பதை அறிந்துகொள்வதும், 1983 ஜூலையில் அவனது குடும்பம் வீடிழப்பதும் கதை. ரொறன்ரோவில் வாழும் தீபா மேத்தா, செல்வதுரையோடு சேர்ந்து திரைக்கதை எழுதிப் படமாக்கினார். 2020 டிசம்பரில் சீ.பி.சி.யில் வந்தது. கொரோனாவினால் தியேட்டர்கள் பூட்டிக்கிடந்த காலம். வீட்டில் எல்லோருமாக இருந்து பார்த்தோம்.

படம் வருமுன்னரே சர்ச்சை வந்துவிட்டது. முக்கியமான தமிழ்ப் பாத்திரங்கள் சிலவற்றில் தமிழரல்லாதோர் நடித்திருந்தனர். அவர்கள் பேசிய தமிழ் தமிழாகவே இல்லை என்று கண்டனம் எழுந்தது. பின்னர் சில வசனங்கள் தமிழ் தெரிந்தவர்களைக் கொண்டு மீண்டும் குரல் கொடுக்கப்பட்டன. இதில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. கனடா இப்படத்தைச் சர்வதேசப் படத்துக்கான ஒஸ்கார் பிரிவுக்கு அனுப்பியது. ஆங்கிலம் அதிகமாக இருக்கிறது என்று அது அப்பிரிவில் தகுதியிழந்தது. இருக்கிற தமிழ் பிழை என்று நாங்கள். ஆங்கிலமல்லாத பேச்சு போதாது என்று அவர்கள். அதே படத்துக்கு 2021இல் கனடியத் திரை விருதுகளில் சிறந்த இயக்கத்துக்கும் தழுவல் திரைக்கதைக்கும் பரிசு கிடைத்தது. கனடிய சினிமா எங்கள் கதையைக் கொண்டாடியபோது எங்கள் நாக்கைக் கவனிக்கவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் மனத்தாங்கல் உண்டு. தமிழ் நடிகர்கள் நிறைந்த ஊரில் இருந்துகொண்டு எடுக்கப்பட்ட படம் அது.

ஆகவே அன்றிரவு எங்கள் வீட்டில் பகிடிக்குக் குறைவில்லை. ஒவ்வொரு தமிழ் வசனத்தையும் நான் திருப்பிச் சொல்லிக்காட்டினேன். மனைவி கண்ணீர் வரச் சிரித்தார். தொலைபேசியில் நண்பர் தனது பங்குக்குச் சொன்னார். படம் முடிந்ததும் மருமகன் மட்டும் எழும்பாமல் கதிரையிலேயே இருந்தான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. இங்கே பிறந்தவன். அவனது தமிழும் எங்கள் பரீட்சையில் தேறாது.

"மாமா, அந்தப் பெடியனைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையே?" என்றான்.

நான் என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. "தமிழே விளங்கேல்லை, பிறகென்ன பெடியன்" என்பது போல ஏதோ சொல்லித் தட்டிக்கழித்திருப்பேன். அவன் ஏன் கேட்டான் என்று நான் விசாரிக்கவில்லை; இங்கும் ஊகிக்கப்போவதில்லை. அது எனது வேலையுமல்ல. ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. அந்தப் படத்தை எத்தனையோ வீடுகளில் பார்த்திருப்பார்கள். அவற்றில் ஏதோவொரு வீட்டில் அர்ஜியைப் போல ஒரு பிள்ளை சோபாவின் மூலையில் இருந்திருக்கும். தகப்பனும் மாமனும் 'ழ'கரத்தையும் 'ற'கரத்தையும் பற்றிச் சிரித்துக்கொண்டிருக்க, தன்னைப் பற்றிய படத்தில் தன்னைத் தவிர எல்லாவற்றையும் இவர்கள் கதைக்கிறார்கள் என்பதை அது குறித்துக்கொண்டிருக்கும். தன்பாலீர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் அந்தப் படத்தைக் கடந்துபோக எங்களுக்கு ஒரு நல்ல காரணம் தேவைப்பட்டது. நடிகர்களின் பிழைத் தமிழ் அதைத் தந்தது.

இதற்காக அந்தக் கண்டனமே போலியானது என்று நான் சொல்ல வரவில்லை. அதை முன்வைத்தவர்களில் தன்பாலீர்ப்புள்ள தமிழ் இளைஞர்களும் இருந்தார்கள். தங்கள் கதையில் தங்கள் மொழி சிதைக்கப்படுவது அவர்களுக்கு இரட்டை இழப்பு. அவர்கள் இரண்டையும் சேர்த்துப் பேசினார்கள். நாங்கள் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை அவர்களிடமே விட்டுவிட்டோம்.

*

நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் கடுமையாக மறுத்தார். "நாங்கள் எப்பிடிக் கதைக்கிறம் எண்டதைக் கேட்டு அறியவே நேரமில்லாதவன், நாங்கள் எப்பிடிச் செத்தம் எண்டதை மட்டும் சரியாச் சொல்லுவானோ? உம்மட கதை விசர்க்கதை."

இது சுலபமாகத் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல. பேச்சுமொழியைப் பற்றிய அசட்டை, அந்தப் படம் யாருக்காக எடுக்கப்பட்டது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. எங்களைப் பற்றிய படம், ஆனால் நாங்கள் பார்க்கப்போவதாக அவர்கள் எண்ணவில்லை. எங்கள் தமிழ் அங்கே மேடைப் பின்திரைபோல ஓர் அலங்காரம். இவ்வளவும் சரி. ஆனால் நண்பரின் வாதத்தைத் திருப்பிப் போட்டால் அது நிற்குமா? உச்சரிப்புச் சரியென்றால் படமும் உண்மை சொல்கிறது என்று ஆகிவிடுமா?

இதற்காகவே 'தீபன்' படத்தை வீட்டில் மறுபடி பார்த்தேன். 2015இல் கான் விழாவில் தங்கப்பனை பெற்ற, ழாக் ஓடியாரின் படம். பெரும்பகுதி தமிழிலேயே நிகழ்கிறது. நாயகனாக நடித்தவர் ஷோபாசக்தி. முன்னாள் போராளி, அகதி, எழுத்தாளர். அவரது நாக்கில் குறை கண்டுபிடிக்க ஒருவராலும் முடியாது. நாங்கள் தேடித்தேடிக் குறை பிடிப்பவர்கள், அந்தப் படத்தின் முன்னால் வாயடைத்துப்போனோம். காது நிறைந்ததும் கைதட்டினோம்.

முதற் பாதி கைதட்டலுக்குரியதுதான். ஒருவரையொருவர் அறியாத ஆணும் பெண்ணும் சிறுமியும் இறந்தவர்களின் பாஸ்போட்டில் ஒரு குடும்பமாகி, பாரிஸ் புறநகரின் தொடர்மாடிக் குடியிருப்பு ஒன்றில் வாழத் தொடங்குவதைப் போல உண்மையான ஒன்றை எங்களைப் பற்றிய வேறெந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை. ஆனால் முடிவுக்கு அருகில் என்ன நடக்கிறது? போதைமருந்துக் கும்பலின் துப்பாக்கிகளுக்கு நடுவே தீபன் மறுபடி போராளியாகிப் படியேறுகிறான். புகை, வெட்டு, துப்பாக்கிச் சூடு. பிறகு இங்கிலாந்தில் வெயிலும் புல்வெளியும். போரிலிருந்து தப்பியவனுக்குள் போர் தூங்குகிறது, தட்டினால் எழும்பும் என்ற பழைய நம்பிக்கையை அப்படம் உறுதிசெய்துவிட்டுப் போகிறது. வேலைக்கு விண்ணப்பித்த இடத்தில் எங்களைப் பார்த்த பார்வையில், பொலிஸ் மறித்துக் கேட்ட கேள்வியில் நாங்கள் கண்ட அதே நம்பிக்கை. பிழையில்லாத யாழ்ப்பாணத் தமிழில் அது சொல்லப்பட்டதால் நாங்கள் கவனிக்கவில்லை.

எதிர்ப்புறத்தில் ஓர் உதாரணம். இந்நகரத்தில் வாழும் லெனின் எம். சிவம் 2013இல் எடுத்த 'A கன் & A ரிங்' என்று விளம்பரங்களில் கண்ட படம். நாங்கள் அதைத் 'துப்பாக்கியும் மோதிரமும்' என்றே கதைப்பதுண்டு. ஷங்காய் சர்வதேச விழாவின் போட்டிப் பிரிவுக்குத் தெரிவானது. போருக்குப் பின் கலியாணத்துக்கென்று இங்கே வந்திறங்கும் பெண் உட்படப் பலரது கதைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. சிறிய செலவில் எடுத்த படம். அதன் தடுமாற்றங்கள் தெரியும். ஆனால் அதைப் பார்த்து முடித்த இரவில் ஒருவரும் உச்சரிப்பைப் பற்றிக் கதைக்கவில்லை என்பது பல நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. எங்கள் வீதிகள், எங்கள் பனி, பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமான எங்கள் பேச்சு. காதுக்கு வேலையில்லாமல் போனதும் மற்றவற்றைக் கதைக்கத் தொடங்கினோம். அந்தப் பெண்ணின் நிலையில் எங்கள் குடும்பங்களில் யார் யார் வந்தார்கள், அவர்களை நாம் எப்படி நடத்தினோம் என்று மனைவி தொடங்கிய பேச்சு விடியப்புறம் வரை போனது. சரியான பேச்சுமொழியின் பயன் அதுதான் என்று நினைக்கிறேன். அதை நாம் மறந்துபோக வேண்டும்.

அதே லெனின் சிவம், ஷோபாசக்தியின் கதையைக் கொண்டு 2017இல் 'ரூபா' எடுத்தார். குடும்பஸ்தரான ஒரு தமிழருக்கும் ஒரு திருநங்கைக்கும் இடையிலான உறவைப் பற்றியது. அதைப் பார்த்தவர்களை எனது வட்டத்தில் விரல்விட்டு எண்ணலாம். 'ஃபனி போய்'க்கு எதிராக எங்கள் கதையை எங்கள் ஆட்களே எடுக்கவேண்டும் என்று முழங்கியவர்களில் ஒருவன் நான். 2020 வரை 'ரூபா'வை நானும் பார்த்திருக்கவில்லை. 'பொன்மணி'க்குப் போகாத அதே கால்கள்.

*

மறுபடி 'டூரிஸ்ட் ஃபேமிலி'க்கு. அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞரின் முதற்படம். நல்ல மனதோடு எடுக்கப்பட்டது. நானும் இரண்டு இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்தக் குடும்பத்தின் அன்பினால் சென்னையின் ஒரு குடியிருப்பே மாறுகிறது. குடிகாரன் திருந்துகிறான், மூடிய கதவுகள் திறக்கின்றன. கரையிறங்கும்போது பிடிக்கிற பொலிஸ்காரரே இளகி விட்டுவிடுகிறார். எங்கள் தியேட்டரில் அதற்குப் பெரிய சிரிப்பு.

படம் ஓடிக்கொண்டிருந்த அதே மே மாதம் 19ஆம் திகதி, இலங்கைத் தமிழர் ஒருவரின் மனுவை விசாரித்த இந்திய உச்ச நீதிமன்றம், உலகெங்குமிருந்து வரும் அகதிகளையெல்லாம் ஏற்க இந்தியா ஒரு தர்மசாலையல்ல என்று கூறி அதைத் தள்ளுபடி செய்தது. தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்றவர்களுக்கும் இன்னும் குடியுரிமையில்லை. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் அவர்களைச் சேர்க்கவில்லை. இதைப் படத்தின் மீதான குற்றமாகச் சொல்லவில்லை. ஒரு நகைச்சுவைப் படம் சட்டப் புத்தகமாக வேண்டியதில்லை. எனது கேள்வி வேறு. அந்தக் குடும்பத்தில் ஒருவராவது கெட்டவராக, சோம்பேறியாக, நன்றியற்றவராக இருந்திருந்தால் அந்தக் குடியிருப்பு என்ன செய்திருக்கும்? தங்குவதற்கு அனுமதி வேண்டுமானால் அகதி முதலில் புனிதராக வேண்டும் என்று படம் தன்னையறியாமல் சொல்கிறது.

இந்தப் பரீட்சை எமக்குப் புதிதல்ல. 1986இல் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றினார்கள். 2010 ஓகஸ்டில் 'சன் சீ' கப்பலில் 492 பேர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்திறங்கியபோது தடுப்புக்காவல் காத்திருந்தது. அந்த நாட்களில் இந்நகரத்துக் கலியாண மேசைகளில் நடந்த பேச்சு எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. "இவங்கள் உண்மையான அகதியளோ? எங்கட பேரையும் கெடுக்கப்போறாங்கள்." சொன்னவர்கள் வேற்றினத்தாரல்ல. நான் சொன்னேனா என்று மனைவியிடம் கேட்டேன். "சொல்லேல்லை. ஆனா மறுக்கவுமில்லை" என்றார்.

அந்தக் கார்த் தரிப்பிடத்தில் நாங்கள் கதைத்திருக்க வேண்டியது இதைத்தான். சிம்ரனுக்குப் புள்ளி போடுவது அதைவிடச் சுலபமாக இருந்தது.

இக்குறிப்பை அனுப்புமுன் நண்பருக்கு வாசித்துக் காட்டினேன். நிறைய நேரம் பேசாமலிருந்துவிட்டு, "எல்லாம் சரி ஐசே. ஆனா சிம்ரன் வழுக்கினது வழுக்கினதுதான்" என்றார். அதையும் நேர்மைக்காகப் பதிவுசெய்கிறேன். வாசகர்களும் தங்கள் மறுப்பை எழுதவேண்டும்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் வீட்டில் 'ரூபா' போடுவதென்று முடிவாகியிருக்கிறது. நண்பரும் வருகிறார். படம் முடிந்து முதல் அரை மணித்தியாலம் ஒருவரும் உச்சரிப்பைப் பற்றி வாய்திறக்கக்கூடாது என்பது மருமகன் போட்ட நிபந்தனை.